பதினைந்து டாலர் கோட்டு

போன வாரம் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் போன் பண்ணினார். மகளைப் பார்க்க முதல் தடவையாக அமெரிக்கா போகிறாராம், அதுவும் நவம்பர் மாதத்தில். "நீங்க போய் வந்தவராச்சே, குளிருக்கு என்னென்ன துணி வாங்கிட்டுப் போகணும்னு ஒரு லிஸ்ட் சொல்லுங்க" என்றார். "இங்கே ஒண்ணும் வாங்காதீங்க" என்றேன். அவர் நம்பவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. இவன் எப்பவுமே கை இறுக்கம்தான் என்று நினைத்திருப்பார். போனில் சொல்ல முடியாததை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

நாங்கள் போனது 2018 அக்டோபரில். பெரியவன் நியூஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கிறான். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே ஈரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினோம். ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர், ஒரு மங்கி குல்லா, உள்ளே போட தெர்மல், அப்புறம் தடியாக ஒரு ஜெர்கின். மொத்தம் 6,800 ரூபாய். கடைக்காரர், "காஷ்மீர் குளிருக்கே தாங்கும் சார்" என்றார். அவர் ஊட்டியைத் தாண்டிப் போனவராகத் தெரியவில்லை. நானும் அப்போது தாண்டியதில்லை என்பதால் தலையாட்டிவிட்டேன்.

போய் இறங்கிய ஒரு மாதம் ஒன்றும் தெரியவில்லை. இலையெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக மாறி, பார்க்க அழகாக இருந்தது. ஸ்வெட்டரே போதுமாக இருந்தது. "நம்ம ஜெர்கினை இன்னும் எடுக்கவே இல்லையே" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நவம்பர் 15ஆம் தேதி வந்தது ஒரு பனிமழை. அந்த வருடம் அங்கே இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அவ்வளவு சீக்கிரம் அவ்வளவு பனி வரும் என்று யாரும் எதிர்பார்க்காததால் நியூயார்க், நியூஜெர்சி சாலைகள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டன. ஆபீசிலிருந்து நாற்பது நிமிடத்தில் வருகிற பையன் அன்று ஐந்தரை மணி நேரம் கழித்து வீடு வந்து சேர்ந்தான்.

மறுநாள் காலை ஜெர்கினைப் போட்டுக்கொண்டு, தபால் பெட்டி வரைக்கும் போய்வரலாம் என்று இருவரும் இறங்கினோம். நூறடிகூட இருக்காது. பாதியிலேயே திரும்பிவிட்டோம். மேலே நைலான், உள்ளே மெல்லிசாக ஸ்பாஞ்சு, நடுவில் தையல். அந்தத் தையல் ஓட்டை ஒவ்வொன்றிலும் காற்று ஊசி மாதிரி இறங்குகிறது. இடுப்போடு நின்றுவிடுவதால் தொடை விறைத்துப் போகிறது. அங்கே வேண்டியது தடிமன் இல்லை, காற்றைத் தடுக்கிற துணி. அதுவும் முழங்கால் வரைக்கும் வரவேண்டும். இது ஈரோட்டுக் கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?

இனி பண விஷயம். நான் போகும்போது 400 டாலர் மாற்றிக்கொண்டு போனேன். அன்றைக்கு ஒரு டாலர் 74 ரூபாய், ஆக 29,600 ரூபாய். பென்ஷனில் மிச்சம் பிடித்தது. டிக்கெட் பையன் எடுத்தான், இன்சூரன்ஸ் அவன் கட்டினான், சாப்பாடு அவன் வீட்டில். உடுத்துகிற துணியும் அவன்தான் வாங்கித் தரவேண்டுமா? அது என் காசில்தான் என்று கிளம்பும் முன்பே வீட்டம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் சண்டைக்கு வருவான்.

அந்த சனிக்கிழமையே எங்களை ஒரு பெரிய மாலுக்குக் கூட்டிப் போனான். அம்மாவுக்குக் கோட்டு எடுக்க. அழகான கடை, அழகான கோட்டு, விலை 180 டாலர். கண்ணாடி முன்னால் நின்றவள், விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். வாய் அசைந்தது. பெருக்குகிறாள். பதிமூன்றாயிரத்துச் சொச்சம். "தோள்பட்டை பிடிக்குதுடா கண்ணு" என்று கழற்றிக் கொடுத்துவிட்டாள். தோள்பட்டை பிடிக்கவே இல்லை. அளவெடுத்துத் தைத்தமாதிரி இருந்தது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், பையனுக்கும் தெரிந்திருக்கும். வேறு சைஸ் கேட்கிறேன் என்றான். "வேண்டாம், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று நான் சொன்னதும் அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. காரில் பாட்டுப் போட்டுக்கொண்டான்.

அதற்கப்புறம் மருமகள்தான் எங்களைச் சிக்கனமான கடைகளுக்குக் கூட்டிப் போனாள். டி.ஜே. மேக்ஸ், மார்ஷல்ஸ் (இரண்டும் ஒரே கம்பெனிதான், அலமாரி அடுக்கியிருப்பதைப் பார்த்தாலே தெரியும்), பர்லிங்டன். பர்லிங்டன் என்பது நியூஜெர்சியிலேயே இருக்கிற ஓர் ஊரின் பெயர். 1972இல் அந்த ஊரில் கோட்டுக் கடையாக ஆரம்பித்து, ஊர்ப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். பெரிய கடைகளில் மிஞ்சியது, சீசன் தாண்டியது, சைஸ் உடைந்தது எல்லாம் இம்மாதிரி கடைகளுக்கு வருகிறது. நம்மூர் ஆடித் தள்ளுபடி வருடம் முழுக்க நடக்கிறமாதிரி. நிதானமாகத் தேடத் தெரிந்தவனுக்கு நல்ல சரக்கு கிடைக்கும்.

நண்பருக்கு உபயோகமாக இருக்கட்டும் என்று இரண்டு மூன்று விஷயம் சொல்கிறேன். முதலாவது, நியூஜெர்சியில் துணிமணிக்கு விற்பனை வரி கிடையாது. சீட்டில் 9.99 என்றால் பில்லிலும் 9.99தான். ஆனால் கைப்பைக்கு உண்டு. வீட்டம்மா 9.99க்கு ஒரு கைப்பை எடுத்து, பில்லில் 10.65 என்று பார்த்ததும், பெண்பிள்ளை தப்பாக அடித்துவிட்டது என்று கவுண்டரிலேயே நின்றுவிட்டாள். பக்கத்து பென்சில்வேனியாவிலும் சாதாரணத் துணிக்கு வரி இல்லை. நியூயார்க் நகரத்தில் ஒரு உருப்படி 110 டாலருக்குள் இருந்தால் இல்லை. வேறு மாநிலத்துக்குப் போகிறவர்கள் அங்கங்கே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, அளவு. அவர்கள் ஊர் ஸ்மால் நமக்கு மீடியம். பெண்களுக்கு 4, 6, 8 என்று இரட்டைப்படையில் போகும். கூடவே 'பெட்டீட்' என்று போட்டிருந்தால் குள்ளமானவர்களுக்கு என்று அர்த்தம். வீட்டம்மா உயரத்துக்கு அதுதான் சரி. இல்லையென்றால் கை விரல் நுனி வரைக்கும் தொங்கும். நான் ஐந்தடி நான்கு அங்குலம். ஆண்கள் பகுதியில் எதைப் போட்டாலும் அண்ணன் சட்டையைப் போட்ட தம்பி மாதிரி இருந்தேன். கடைசியில் மருமகள் தயங்கித் தயங்கி, "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க, பாய்ஸ் செக்‌ஷன்ல பாக்கலாமா?" என்றாள். அங்கே எக்ஸ்ட்ரா லார்ஜ் எனக்குக் கச்சிதம். கருநீல ஜாக்கெட், தொப்பி சேர்த்து, 34.99. அதே கம்பெனி, அதே துணி, பெரியவர்கள் பகுதியில் அறுபதுக்கு மேலே. குள்ளமாகப் பிறந்ததற்கு அறுபத்து நான்கு வயதில் ஒரு லாபம். ஜிப்பில் சின்னதாக ஒரு ராக்கெட் தொங்கியதை மட்டும் கத்தரித்துவிட்டேன். அதைப் பேத்தி எடுத்துக்கொண்டாள்.

மூன்றாவது, திருப்பிக் கொடுக்கிற வசதி. பில் இருந்தால் ஒரு மாதம் வரைக்கும் பெரும்பாலும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்கிறார்கள். இதைச் சில பேர் வேறு மாதிரி உபயோகிக்கிறார்கள். விலைச்சீட்டைக் கைக்குள் மடித்துவிட்டு, ஒரு மாதம் கோட்டைப் போட்டுவிட்டு, ஊருக்குக் கிளம்பும் முன்னால் திருப்பிக் கொடுத்துக் காசு வாங்கிவிடுகிறது. எனக்கே ஒருவர் இந்த யோசனை சொன்னார். நம்மை நம்பி வைத்திருக்கிற ஏற்பாட்டில் கை வைப்பது எனக்குச் சம்மதமில்லை. அதற்கு நடுங்கிக்கொண்டே இருக்கலாம்.

நடுங்கினோம். எனக்கு ஜாக்கெட் ஆயிற்று, அவளுக்கு ஆகவில்லை. பார்த்ததெல்லாம் ஒன்று குட்டை, இல்லை மெல்லிசு, இல்லை எண்பது டாலர். "தேங்க்ஸ்கிவிங் வரட்டும், பிளாக் ஃப்ரைடே அன்னிக்கு எல்லாம் பாதி விலையாம்" என்று தள்ளிப்போட்டாள். அந்த வருடம் தேங்க்ஸ்கிவிங் நவம்பர் 22. அந்தப் பக்கத்துக்காரர்களே அப்படி ஒரு தேங்க்ஸ்கிவிங் குளிரைப் பார்த்ததில்லை என்று டிவியில் அலறினார்கள். மறுநாள் விடியற்காலையில் போய் வரிசையில் நின்றோம். பாதி விலைக்குப் போனது டிவிப் பெட்டிகள். கோட்டுக்குத் தள்ளுபடி இருந்தது, அவள் சைஸ் இல்லை. ஆறு ஜோடி சாக்ஸோடும் அவளுக்கு ஒரு இருமலோடும் வீடு திரும்பினோம்.

அந்த இருமல்தான் என்னைக் கலக்கிவிட்டது. ராத்திரி எல்லாம் இருமினாள். விசிட்டர் இன்சூரன்ஸ் இருந்தாலும் முதல் 250 டாலர் நம் கையிலிருந்துதான் போகவேண்டும். 180 டாலர் கோட்டை வேண்டாம் என்று சொன்னவன் 250 டாலர் டாக்டருக்குக் கட்டினால் எப்படி இருக்கும்? சுக்கும் மிளகும் போட்டுச் சமாளித்தோம். நல்லவேளை, அதிலேயே அடங்கியது. ஆனால் இன்னும் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி இருக்கிறதே.

அங்கே என்னோடு நடக்க வருகிற ஒரு குஜராத்திப் பெரியவர் உண்டு. பரோடாக்காரர். சாம்பல் நிறத்தில் அருமையான கம்பளிக் கோட்டுப் போட்டிருப்பார். வசதியான மனிதர் என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் மெதுவாக, "உங்கள் கோட்டு என்ன விலை?" என்று கேட்டேன். "பதினொரு டாலர். குட்வில்" என்றார், சர்வ சாதாரணமாக.

குட்வில் என்றால் பழைய சாமான் கடை. 1902இல் பாஸ்டனில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்ட் பாதிரியார் ஆரம்பித்தது. பணக்காரர் வீடுகளில் பழைய துணி, சாமான்களை வாங்கி, ஏழைகளை வைத்தே அவற்றைச் சரிபண்ணி விற்று, அவர்களுக்கே சம்பளம் கொடுத்தார். இன்றைக்கும் கடையில் வருகிற பணம் வேலைப் பயிற்சிக்குப் போகிறது. நல்ல காரியம்தான். ஆனால் பழைய துணி.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் அப்பா சென்னிமலையில் குழித்தறியில் போர்வை நெய்தவர். ஊருக்கெல்லாம் துணி நெய்தவர் வீட்டில் எங்களுக்கு உடுத்தத் துணி இருக்காது. நான் ஆறாவது படிக்கும்போது, அம்மா எங்கேயோ கேட்டு ஒரு காக்கி டவுசர் வாங்கி வந்தாள். நல்ல டவுசர், கிழிசல் இல்லை. அதைப் போட்டுக்கொண்டு பிரேயரில் நின்றபோது, பின்வரிசைப் பையன் ஒருவன், "டேய், அது என் டவுசருடா" என்றான். இல்லை என்றேன். "சோப்புல கையை விட்டு வெளிய இழு, மசிக் கறை இருக்கும்" என்றான். இழுத்தான். இருந்தது. சிரிப்பை வாத்தியார் வந்துதான் அடக்கினார். அன்றைக்கு முடிவு பண்ணினேன், இனிமேல் இன்னொருத்தன் போட்ட துணி என் உடம்பில் ஏறாது, என் பிள்ளைகள் உடம்பிலும் ஏறாது. ஏறவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி கடன் வாங்கியாவது புதுத்துணி எடுத்திருக்கிறேன். எடுக்கிறபோதெல்லாம் இந்தக் கதையைப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.

வீட்டம்மாவுக்கும் பழைய துணி என்றால் பாத்திரக்காரனிடம் போட்டு எவர்சில்வர் கிண்ணம் வாங்குகிற சமாசாரம். அதை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா?

ஆனாலும் போனேன். பெரியவரோடு, வீட்டில் யாரிடமும் சொல்லாமல். நான் நினைத்திருந்தமாதிரி அழுக்கு மூட்டை எதுவும் இல்லை. துணியெல்லாம் சைஸ் வாரியாகத் தொங்குகிறது. ஒவ்வொன்றிலும் கலர் சீட்டு. வாரத்துக்கு ஒரு கலருக்குப் பாதி விலை. ஒரு மாதிரி வாசனை மட்டும் உண்டு, பழைய பீரோவைத் திறந்தால் வருமே, அது.

அப்பா எங்களுக்குச் சொத்தென்று எதுவும் வைக்கவில்லை. துணியைத் தொட்டுப் பார்க்க மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்க்க வேண்டும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டும். கசக்கிவிட்டால் எவ்வளவு நேரத்தில் மடிப்பு கலைகிறது என்று பார்க்க வேண்டும். புதுக் கடைகளில் நான் தொட்டதெல்லாம் பாலியஸ்டர், உள்ளே அடைத்ததும் பாலியஸ்டர். இங்கே நாலாவது கோட்டிலேயே கை நின்றுவிட்டது. கறுப்பு. எண்பது சதவீதம் கம்பளி, இருபது சதவீதம் நைலான் என்று லேபிள் சொன்னது. லேபிள் பார்க்கும் முன்பே விரல் சொல்லிவிட்டது. பாவும் ஊடையும் தெரியாத அளவுக்கு இறுகிய துணி, வெளிச்சம் ஒரு புள்ளிகூட வரவில்லை. முழங்கால் உயரம். உள் துணி கிழியவில்லை. பொத்தான் ஆறும் இருந்தன. 8 பெட்டீட். 14.99. அப்பா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துக்கொண்டே கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்திருந்தேன். அப்புறம் டவுசர் ஞாபகம் வந்தது. திரும்ப மாட்டினேன். கடையை ஒரு சுற்று சுற்றினேன். வேறொரு அம்மா அந்தக் கோட்டின் பக்கத்தில் போய் நிற்பதைப் பார்த்ததும் கால் தானாக ஓடியது. எடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பொய் சொன்னேன். "கிளியரன்ஸ்ல போட்டிருந்தான், நாற்பது டாலர்" என்றேன். நாற்பது என்றால்தான் நம்புவாள் என்று கணக்குப் போட்டுச் சொன்ன பொய். அவள் போட்டுப் பார்த்தாள். கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "நல்லா கதகதன்னு இருக்குதுங்க" என்றாள். அதற்குப் பிறகு குளிர் பற்றி அவள் பேசவில்லை. தினமும் என்னோடு நடக்க வந்தாள்.

பொங்கல் அன்று பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோவிலுக்குப் போனோம். நம்மூரில் செருப்பு விடுகிறமாதிரி அங்கே கோட்டையும் கழற்றி மாட்டிவிட்டுப் போகவேண்டும். திரும்பி வந்து பார்த்தால் வரிசையாகக் கறுப்புக் கோட்டுகள், எல்லாம் ஒரே மாதிரி. எது நம்முடையது என்று நான் முழித்துக்கொண்டிருக்க, அவள் ஒவ்வொரு காலராக மடக்கிப் பார்த்துக்கொண்டே போய், "இதா இருக்குது" என்று ஒன்றை எடுத்தாள். காலருக்கு உட்புறம் மஞ்சள் பொட்டு. புதுத்துணிக்கு ஓரத்தில் வைப்போமே, அது. எப்போது வைத்தாள் என்று எனக்கே தெரியாது. அம்மா கோட்டுப் போடுவதற்காகப் பிடித்துக்கொண்டிருந்த பையன் அந்த மஞ்சளைப் பார்த்துச் சிரித்தான். அப்புறம் பக்கத்திலிருந்த லேபிளைப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது. நான் எட்டிப் பார்த்தேன். லேபிளில் பேனாவால் இரண்டு எழுத்து. யாரோ ஒரு அம்மாள் தன் பெயரின் முதலெழுத்துகளை எழுதி வைத்திருக்கிறாள். அவ்வளவு நாள் என் கண்ணில் படவே இல்லை.

சோப்புக்குள் மசிக் கறை. ஐம்பது வருடத்துக்கு மேல் கழித்து, இத்தனை ஆயிரம் மைலுக்கு அப்பால்.

வீட்டுக்கு வந்து பேத்தி தூங்கிய பிறகு கேட்டான். "அந்தக் கோட்டு எங்க வாங்குனீங்கப்பா?"

சொன்னேன். மறைக்க என்ன இருக்கிறது.

"நான் 180 டாலர்ல எடுத்துத் தர்றேன்னப்ப வேண்டாம்னுட்டீங்க. அம்மாவுக்கு நான் ஒரு கோட்டு வாங்கித் தரக்கூடாதா?" கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கோபமே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அதற்குள் வீட்டம்மா சமையலறையிலிருந்து, "எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க. புதுத்துணியில ஏது பீரோ வாசம்? யாரு போட்டா என்ன, சாமான் நல்லா இருந்துது, மஞ்சள் வெச்சுட்டேன்" என்றாள். ஒன்றரை மாதம் என் பொய்யைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறாள்.

பையன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நம்ம வீட்டு ஹால்ல என் போட்டோ ஒண்ணு மாட்டியிருக்கீங்கல்ல?" என்றான்.

மாட்டியிருக்கிறேன். 2007 ஆகஸ்டில் பஃபலோவுக்குப் படிக்கப் போனான். அமெரிக்காவிலேயே பனிக்குப் பெயர்போன ஊர். டிசம்பரில் ஒரு போட்டோ அனுப்பினான். பனிக்கு நடுவில், நீளமான பழுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு சிரித்தபடி நிற்பான். ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி, சட்டம் போட்டு மாட்டினேன். வருகிறவர்களிடமெல்லாம், "பாருங்க, கோட்டுப் போட்டதும் வெள்ளைக்காரன் மாதிரி ஆயிட்டான்" என்று காட்டியிருக்கிறேன்.

"அது எட்டு டாலருப்பா. நீங்க வாங்கிக் குடுத்த ஜெர்கின் தாங்கல. ஒரு சீனியர் கூட்டிட்டுப் போனான். இதே மாதிரி கடை."

பதினோரு வருடம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எப்படிச் சொல்றது? தீபாவளிக்குத் தீபாவளி அந்த டவுசர் கதையைச் சொல்வீங்களே."

நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். இந்தக் கதையைச் சொன்னதில் எனக்கு எவ்வளவு பெருமை இருந்ததோ, அவ்வளவும் அந்த வயதில், தனியாக, குளிரில், அவன் தலையில் பாரமாக ஏறியிருக்கிறது. படிப்புக்கு வாங்கிய கடன் அப்போது முழுசாக இருந்தது. எட்டு டாலருக்கு மேல் அவனிடம் இருந்திருக்காது. இதையெல்லாம் அவனிடம் நான் சொல்லவில்லை. "கை கொஞ்சம் நீளமா இருக்குமே, நான் அது ஃபேஷன்னு நினைச்சேன்" என்று மட்டும் சொன்னேன். "லார்ஜ்தான் இருந்துச்சு" என்றான். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

அடுத்த சனிக்கிழமை அம்மாவுக்கு பூட்ஸ் வாங்கிக் கொடுத்தான், பெரிய கடையில். நான் குறுக்கே பேசவில்லை. பெட்டி மேல் விலை இருந்தது. பார்த்தேன், பெருக்கவில்லை.

ஜனவரிக் கடைசியிலும் பிப்ரவரியிலும் அங்கே குளிர்காலத் துணியைத் தள்ளிவிடுவார்கள். குளிர் இன்னும் ஒன்றரை மாதம் பாக்கி இருக்கும், ஆனால் கடையில் அரைக்கை சட்டையும் நீச்சல் உடையும் வந்துவிடும். இருபத்தைந்து டாலருக்குப் பேத்திக்கு அடுத்த வருடத்துக்கு ஆகிறமாதிரி கோட்டு எடுத்தோம். என்னைக் கேட்டால், அடுத்த குளிருக்கான துணியை இந்தக் குளிர் முடியும்போது வாங்குவதுதான் புத்திசாலித்தனம். முதல் தடவை போகிறவர்களுக்கு அது முடியாது. அதற்காகத்தான் நண்பரிடம், மகள் வீட்டில் யாருடைய பழைய கோட்டாவது இருந்தால் முதல் மாதம் அதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

ஊருக்கு எடுத்துவந்த துணி பற்றி ஒன்று சொல்லாவிட்டால் கட்டுரை முடியாது. சொந்தக்காரர்களுக்கு என்று நல்ல பருத்தி டி-ஷர்ட் பன்னிரண்டு எடுத்தேன், ஒன்று ஐந்து டாலர். அங்கே எந்தத் துணியிலும் எந்த நாட்டில் செய்தது என்று லேபிள் இருந்தாக வேண்டும். வங்கதேசம், வியட்நாம், ஹோண்டுராஸ் என்று எல்லா நாடும் அலமாரியில் இருக்கும். நான்தான் அவசரத்தில் இதைப் பார்க்கவில்லை. ஊருக்கு வந்து திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிற என் தங்கை மகனிடம் ஒன்றைக் கொடுத்தேன். வாங்கிய உடனே கழுத்தைத் திருப்பிப் பார்த்தான், ஓரத் தையலை இழுத்துப் பார்த்தான், உள்ளே லேபிளைப் பார்த்தான். "மாமா, இது மேட் இன் இந்தியா. அனேகமா நம்மூரு சரக்கு. எவ்வளவு குடுத்தீங்க?" ஐந்து டாலர் என்றேன். "இதுல தையல் வேற விட்டிருக்குது, நானா இருந்தா பாஸ் பண்ணியிருக்க மாட்டேன்" என்றான். ஆனால் போட்டுக்கொண்டான். இன்னும் போடுகிறான்.

கிளம்புகிறதற்கு முந்தைய வாரம், மார்ச் கடைசி, அந்தக் கறுப்புக் கோட்டை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. ஈரோட்டு வெயிலுக்கு அதைக் கொண்டுவந்து என்ன செய்ய? அலமாரியில் வைத்துவிட்டுப் போங்கள், அடுத்த தடவைக்கு ஆகும் என்றான் பையன். "அடுத்த தடவை நீ வாங்கிக் குடு. இது யாருக்காவது ஆகட்டும்" என்றாள் வீட்டம்மா. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நான் சரி என்றேன்.

குட்வில் கடைக்குப் பின்பக்கம் துணி கொடுக்க ஒரு வாசல் உண்டு. காரை நிறுத்தினால் ஒரு பையன் வந்து வாங்கிக்கொள்கிறான். பழைய ஸ்வெட்டர்கள், பேத்திக்குச் சின்னதாகிப்போன துணிகள், ஈரோட்டு ஜெர்கின் இரண்டு, எல்லாவற்றுக்கும் மேலே கோட்டு. மஞ்சளைத் துடைக்கலாமா என்று கேட்டேன். "எதுக்கு? இருக்கட்டும்" என்றாள். அந்தப் பையன் வாங்கிக்கொண்டு, ரசீது வேண்டுமா என்று கேட்டான். அங்கே அதைக் காட்டி வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம்.

"என்ன கேக்கறான்?" என்றாள்.

"ரசீது வேணுமான்னு கேக்கறான்."

"இவ்வளவு துணிக்கு எவ்வளவு குடுப்பான்?"

"ஒண்ணும் குடுக்க மாட்டான். தானம்தான்."

கார் நகர்ந்த பிறகும் அவள் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். "ஒரு கிண்ணம்கூடவா குடுக்க மாட்டான்?" என்றாள்.